வாரத்துக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி விடுங்கோ

எங்கட வீட்டுப் போர்ட்டிக்கோவில் இரண்டு வருசத்துக்கு மேலே ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது. கொக்குவிலில், அம்மா உடுப்புக் காயப்போடுகிற கொடிக்குக் கீழே, சிவப்பு நிற மஸ்டா ஆர்எக்ஸ்-8. சொன்னால் சிரிப்பார்கள். வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் அடுத்த நாள் இன்னும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். முன்கதவைத் திறந்தால்தான் பின்கதவு திறக்கும். அதுவும் எதிர்ப்பக்கமாக, அலுமாரிக் கதவு மாதிரி. இரண்டு கதவுக்கும் நடுவில் தூண் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்கு அதைத் திறந்து மூடிக் காட்டியே எங்களுக்கு ஒரு பெயர் வந்துவிட்டது.

கார் எங்களுடையது இல்லை. மாமாவினுடையது. நாங்கள் அதைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டவர்கள். நாங்கள் என்றால் மூன்று பேர்: அக்கா, தம்பி, எங்களோடேயே வளர்ந்த சித்தியின் மகன். மூன்று பேருக்கும் சேர்த்து இரண்டு லைசன்ஸ், ஒரு மோட்டார் சைக்கிள். அந்தக் காரை நாங்கள் எப்படிக் கொல்லப் பார்த்தோம் என்பதைத்தான் எழுத வந்தோம். கவனக் குறைவால் இல்லை. கவனத்தால்.

2021 மார்கழியில் மாமா கனடாவுக்குப் போக முதல் கொழும்பில் இருந்து அதை ஓட்டிக்கொண்டு வந்தார். பத்து வருசச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய கார். வாகன இறக்குமதி 2020 பங்குனியிலேயே நின்றுவிட்டது. அதனால் பழைய கார்களுக்கு விலை ஏறிக்கொண்டே போனது. மாமாவின் கணக்கு எளிமையானது. அங்கே போய் ஒரு வருசம் பார்ப்பது, காசு தட்டுப்பட்டால் காரை விற்பது. மாமியும் மச்சாளும் போய்ச் சேரும் செலவுக்கு அந்தக் கார்தான் காப்பு.

போகிற அன்று திறப்பைத் தந்துவிட்டுச் சொன்னார்:

"பிள்ளையள், ஒண்டும் செய்யத் தேவையில்லை. கவரைப் போட்டு மூடி வையுங்கோ. வாரத்துக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணி விடுங்கோ. காணும்."

எங்களில் மூத்தவள் அதை ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதினாள். அந்தக் கொப்பிதான் பிறகு எங்களைக் காட்டிக்கொடுத்தது.

*

இந்த இடத்தில் அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேணும். தெரியாமல் வாசித்தால் எங்கட பிழை விளங்காது.

சாதாரணக் காரில் பிஸ்ரன் மேலும் கீழும் போய்வரும். ஆர்எக்ஸ்-8இல் பிஸ்ரனே இல்லை. பக்கங்கள் கொஞ்சம் வெளியே ஊதின முக்கோணம் மாதிரி ஒரு ரோட்டர், நடுவில் இடுங்கின ஒரு கூட்டுக்குள் சுழலும். அப்படி இரண்டு ரோட்டர். ஒவ்வொன்றும் 654 சிசி, மொத்தம் 1308 சிசி. அந்தச் சின்ன எஞ்சினில் இருந்து, ஜப்பானில் வந்த உயர்ரக மொடலுக்கு 250 குதிரைவலு என்று மஸ்டா சொன்னது. மீற்றரில் சிவப்புக் கோடு 9000 சுற்றில்தான் தொடங்கும். எங்கட மோட்டார் சைக்கிள் கத்தத் தொடங்கும் இடத்தில் இந்தக் கார் பாடத் தொடங்கும்.

எல்லாப் பாரமும் ரோட்டரின் மூலைகளில்தான். ஒவ்வொரு மூலையிலும் ஒரு மெல்லிய தகடு. ஏபெக்ஸ் சீல் என்பார்கள். இரண்டு ரோட்டருக்கும் ஆறு. கூட்டின் சுவரை உரசிக்கொண்டே காற்றையும் பெற்றோலையும் அடைத்து வைத்திருப்பது அதுகள்தான். தேய்ந்தால், கரி பிடித்து இறுகினால், காய்ந்தால், எஞ்சினில் அமுக்கம் போய்விடும். அமுக்கம் போனால் ஸ்ராட் ஆகாது.

இந்த வகை எஞ்சினை முதலில் யோசித்தவர் ஜெர்மனியின் பீலிக்ஸ் வாங்கல். பல கம்பனிகள் தொட்டுப் பார்த்துவிட்டுக் கைவிட்டன. மஸ்டா விடவில்லை. கெனிச்சி யமமோட்டோ என்ற பொறியியலாளரின் கீழ் 47 பேர் இதிலேயே கிடந்தார்கள். சீல் உரசிக் கூட்டுக்குள் விழுந்த வரிவரியான கீறல்களுக்கு அவர்கள் வைத்த பெயர் 'பிசாசின் நகக்கீறல்'. அதைத் தீர்த்துத்தான் 1967இல் கொஸ்மோ ஸ்போர்ட் வந்தது. 1991இல் லு மான் 24 மணி நேரப் போட்டியில் நான்கு ரோட்டர் வைத்த 787பி வென்றது. அந்தப் போட்டியை வென்ற முதல் ஜப்பானியக் கார் அது. ஆர்எக்ஸ்-8 அந்த வரிசையில் வந்து, 2012 வரை செய்யப்பட்டது.

அந்தச் சீல்கள் காயாமல் இருக்க எஞ்சின் தன் ஒயிலையே கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு எரிக்கும். இது பழுது இல்லை, செய்த விதமே அப்படி. ஆகவே ஒயில் குறையும். பெற்றோல் இரண்டு தரம் அடிக்கிற இடைவெளிக்கு ஒருக்கா ஒயில் கம்பியை இழுத்துப் பார்க்கவேணும். எங்களுக்கு அது தெரியாது. ஒயில் என்பது 'சேர்விஸ்' நேரம் மாற்றுவது என்றுதான் நினைத்திருந்தோம்.

*

முதல் மூன்று மாதம் ஒழுங்காகச் செய்தோம். ஞாயிறு காலை கவரைக் கழற்றி, ஸ்ராட் பண்ணி, பத்து நிமிசம் விட்டு நிற்பாட்டுவோம். பிறகு 2022 வந்தது. அந்த வருசத்தைப் பற்றி உங்களுக்கு விளக்கத் தேவையில்லை. நீங்களும் பெற்றோல் செட்டில் நின்றிருப்பீர்கள். எங்களில் சின்னவன் ஒரு இரவு முழுக்க மோட்டார் சைக்கிளின் மேலேயே நித்திரை கொண்டான். ஆடியில் கியூஆர் வந்தபோது மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர், காருக்கு 20 லீற்றர்.

நின்ற இடத்தில் நின்றுகொண்டே பெற்றோல் குடிக்கிற காருக்கு முன்னால் பத்து நிமிசம் கையைக் கட்டிக்கொண்டு நிற்க எங்களுக்கு மனம் வரவில்லை. அம்மாவுக்கு இன்னும் வரவில்லை. தொண்ணூறுகளில், பொருளாதாரத் தடைக்குள், பெற்றோலை மருந்துப் போத்திலில் அளந்து, ஸ்ராட் பண்ண மட்டும் நாலு சொட்டு விட்டுப் பிறகு மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடின காலத்தைக் கண்டவ. "உது ஒருத்தரும் போகாத கார். அதுக்கேன் பெற்றோல்?" என்பா.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தோம். ஸ்ராட் பண்ணுவது, இருபது எண்ணுவது, நிற்பாட்டுவது. மாமா சொன்னதும் நடந்தது, பெற்றோலும் மிஞ்சியது. கொப்பியில் ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சரிக்குறி. எட்டு மாதம். எங்கட பொறுப்பை நினைத்து எங்களுக்கே பெருமையாக இருந்தது.

ரோட்டரி எஞ்சினுக்குச் செய்யக் கூடாததில் முதலாவது இதுதான். குளிர்ந்த எஞ்சின் ஸ்ராட் ஆகும்போது பெற்றோல் கூடுதலாகவே உள்ளே போகும். சூடேற முதல் நிற்பாட்டினால் அந்தப் பெற்றோல் எரியாமல் கிடந்து, சீலில் இருக்கும் ஒயில் படையைக் கழுவிவிடும். ஒயில் இல்லாத சீல் காற்றை அடைக்காது. பிளக்கும் நனைந்துபோகும். இதை 'ப்ளட்' ஆகிறது என்பார்கள். ஆர்எக்ஸ்-8 வைத்திருக்கும் ஆட்கள், கார் கழுவ அதை முற்றத்தில் இருந்து கேற் வரை நகர்த்தினால்கூட, சூடேறும் வரை ஓடவிட்டுத்தான் நிற்பாட்டுவார்கள். நாங்கள் எட்டு மாதமாக ஞாயிறுக்கு ஞாயிறு அதற்குப் பெற்றோலில் முழுக்காட்டிக்கொண்டிருந்தோம்.

2023 மாசியில் ஒரு ஞாயிறு, அது ஸ்ராட் ஆகவில்லை.

*

எங்கட ஒழுங்கையில் இருக்கும் கராஜ் அண்ணையைக் கூட்டிவந்தோம். மொரிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் என்று யாழ்ப்பாணத்தின் பழைய கார்களில் கை பழகினவர். பொனற்றைத் திறந்து கனநேரம் பார்த்தார்.

"தம்பி, இதில பிஸ்ரன் எங்க?"

"இல்லை அண்ணை."

"ஆ."

ஆனால் மனுசன் விடவில்லை. போனில் ஒருத்தரைப் பிடித்துக் கேட்டார். பிறகு பற்றரியை மாற்றினார். முன் சில்லைக் கழற்றி, அந்த இடைவெளியால் நாலு பிளக்கையும் கழற்றினார். நாலும் பெற்றோலில் தோய்ந்திருந்தன. கழுவிக் காயவைத்து, எது எந்தத் துளையில் இருந்தது என்று பார்த்து, அது அதிலேயே போட்டார். ஒரு ரோட்டருக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. இரண்டும் வேறு வகைப் பிளக். மாறிப் போடக் கூடாது. பிறகு எங்களிடம் சொன்னார்: "அக்ஸிலேற்றரை அடி மட்டும் மிதிச்சுக்கொண்டு கிறாங் பண்ணு." அப்படிப் பிடித்தால் பெற்றோல் உள்ளே போகாமல் காற்று மட்டும் போகும். உள்ளே தேங்கினது வெளியேறும். நாலாம் தரம், ஒழுங்கை முழுக்க வெள்ளைப் புகையோடு அது எழும்பியது. பக்கத்து வீட்டு ஆச்சி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளையள், நுளம்புப் புகையோ?" என்று கேட்டா.

ஒரு பிழையும் நடந்தது. ரேடியேற்றர்த் தண்ணி குறைந்திருக்கிறது என்று கிணற்றுத் தண்ணியை விட்டோம். எங்கட கிணறு சுண்ணக்கல் நிலத்துக் கிணறு. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேற்றருக்குள்ளும் படியும். இந்த எஞ்சின் சூட்டைத் தாங்காது. காரின் ரெம்பரேச்சர் முள்ளையும் நம்ப முடியாது. அது கனநேரம் நடுவிலேயே நிற்கும். ஏறத் தொடங்கும்போது அநேகமாகப் பிந்திவிடும். கூலன்ற் என்றால் கூலன்ற்தான் விடவேணும்.

அடுத்த கிழமையே மாமாவின் செய்தி வந்தது. விற்கவேணும். ஒருத்தர் கொழும்பில் இருந்து பார்க்க வருகிறார்.

வந்தவருக்கு விசயம் தெரிந்திருந்தது. நிறத்தைப் பார்க்கவில்லை, சீற்றைப் பார்க்கவில்லை. ஸ்ராட் பண்ணினார், பிடித்தது. இருபாட்டும் கோண்டாவில், கொக்குவில் என்று அரை மணித்தியாலம் ஓட்டிக்கொண்டு வந்தார். நிற்பாட்டினார். அம்மா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தார். பத்து நிமிசம் கழித்துத் திரும்பவும் திறப்பைத் திருகினார். கிறாங் ஆகியது, ஆகியது, ஆகிக்கொண்டே இருந்தது. பிடிக்கவில்லை.

"குளிரில வருது. சூட்டில வரேல்லை. அமுக்கம் விட்டிட்டுது. எஞ்சினை எடுத்துப்போட்டு வேற ஏதாவது பிஸ்ரன் எஞ்சின் போட்டுத்தான் ஓடலாம்" என்றார். மாமா கேட்ட விலையில் பாதிக்குக் கொஞ்சம் மேலே சொன்னார்.

அன்று இரவு நாங்கள் மூன்று பேரும் மொட்டைமாடியில் இருந்து சண்டை பிடித்தோம். ஒரு புரோக்கர் எங்களுக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். ஸ்ராட்டர் மோட்டரை வேகம் கூடின ஒன்றுக்கு மாற்றினால், அமுக்கம் குறைந்த எஞ்சினும் சூட்டில் பிடித்துவிடும். வாங்க வருகிறவருக்குத் தெரியாது. ஆறு மாதத்தில் தெரியவரும், அப்போது கார் எங்களிடம் இல்லை. அது நடக்கக்கூடிய காரியம்தான். பழைய ஆர்எக்ஸ்-8 வாங்கப் போகிறவர்கள் இதை நினைவில் வைத்திருங்கள். எங்களில் ஒருத்தருக்கு அது சரியாகப் பட்டது. மாமியும் மச்சாளும் ரிக்கற்றுக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். அந்த ஒருத்தர் ஆர் என்று இங்கே எழுதுவதில்லை என்று மூன்று பேரும் பேசிக்கொண்டோம்.

கடைசியில் மாமாவுக்குப் போன் எடுத்தோம். கொப்பியில் இருந்ததை இருந்தபடியே வாசித்தோம். இருபது எண்ணினது, எட்டு மாதம், சரிக்குறி எல்லாம்.

மாமா கனநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு கேட்டார்: "ஒயில் பாத்தனீங்களோ?"

போனைப் பிடித்துக்கொண்டே கீழே போய்க் கம்பியை இழுத்துப் பார்த்தோம். கீழ்க்கோட்டுக்கும் கீழே இருந்தது.

"நான் சொல்லேல்லைத்தானே" என்றார் மாமா. "எனக்கும் வடிவாத் தெரியாது. நான் மட்டும் என்ன செய்தனான்? வெள்ளவத்தையில ஞாயிற்றுக்கிழமை கடைக்குப் போறது, வாறது. அஞ்சு நிமிசம். மூவாயிரம் சுற்றுக்கு மேல ஏத்தினதே இல்லை. பாவம் எண்டு மெல்லமா ஓடினனான்."

எங்களுக்கு அழுகை வந்ததுக்கு அவர் ஏசாததுதான் காரணம்.

*

காரை லொறியில் ஏற்றிக் கொழும்புக்கு அனுப்பினோம். ரோட்டரி எஞ்சினுக்கென்று அமுக்கம் பார்க்கும் கருவி வைத்திருக்கும் ஒரு பாஸ் இருக்கிறார் என்று தெரிந்தது. சாதாரண எஞ்சினுக்கு வைத்துப் பார்க்கும் கேஜ் இதற்கு உதவாது. ரோட்டருக்கு மூன்று முகம். அந்தக் கேஜ் மூன்றில் நல்லதை மட்டும் காட்டிவிட்டுப் பேசாமல் இருக்கும். இரண்டு முகம் செத்திருந்தாலும் தெரியாது.

சிங்கள மனுசர். எங்களோடு உடைந்த தமிழில் பேசினார், நாங்கள் உடைந்த சிங்களத்தில் பேசினோம். மஸ்டா சொல்லும் ஆகக் குறைந்த அளவு, நிமிசத்துக்கு 250 சுற்று என்ற கணக்கில், 680 கிலோபஸ்கால். எங்கட முன் ரோட்டர் மூன்று முகத்திலும் 700க்கு மேலே இருந்தது. பின் ரோட்டர் 650, 640, 670.

"செத்துப் போகல்ல நங்கி" என்றார் மூத்தவளைப் பார்த்து. "சுகமில்ல. கரி நிறைய. இந்த எஞ்சின் தடவினா கோவிக்கும், அடிச்சா சிரிக்கும்."

அவர் செய்தது என்னவென்று கொப்பியில் எழுதி வைத்தோம். நாலு பிளக்கும் நாலு இக்னிஷன் கொயிலும் புதிது. கொயில் இந்தக் காரின் பழைய வருத்தம். ஆர்எக்ஸ்-8இல் அநேகமான சாவுகள் அங்கேதான் தொடங்கும் என்றார். கொயில் களைத்தால் பெற்றோல் முழுக்க எரியாது. எரியாத பெற்றோல் புகைக்குழாயில் உள்ள கற்றலிற்றிக் கொன்வேட்டருக்குள் போய் எரியும். அது உருகி அடைபடும். அடைபட்டால் சூடு திரும்பி எஞ்சினுக்குள் ஏறும். சூடு சீலைத் தின்னும். ஒரு சின்னக் கொயிலை நேரத்துக்கு மாற்றாததால் முழு எஞ்சினும் போகும். எங்கட கொன்வேட்டர் பாதி அடைபட்டிருந்தது. பஞ்சிகாவத்தையில் தேடி ஒன்று எடுத்தோம். கிணற்றுத் தண்ணியைக் கழுவிவிட்டுக் கூலன்ற் விட்டார். ஒயிலையும் பில்ற்றரையும் மாற்றினார். பில்ற்றர் இதில் எஞ்சினுக்கு மேலேயே இருக்கிறது, காருக்குக் கீழே பூரத் தேவையில்லை.

காசு மாமாவிடம் கேட்கவில்லை. மூன்று பேரும் போட்டோம். அக்காவின் ஒரு சோடிக் காப்பு அடகில் போனது.

"இனி என்ன செய்யவேணும் பாஸ்?"

"ஓடுங்க" என்றார். "ஒவ்வொரு நாளும். சூடான பிறகு ஒருக்கா சிவப்பு வரைக்கும் போங்க. பிறகு வாங்க, பாப்பம்."

எங்களுக்குப் பயம். எங்கட வீதிகளில் 9000 சுற்றா? பிறகு கணக்குப் பார்த்தோம். இந்தக் காரில் முதலாம் கியரில் சிவப்புக் கோடு வரை போனாலும் வேகம் மணிக்கு 70 கிலோமீற்றருக்குள்ளேதான். சட்டத்தை மீறத் தேவையில்லை. ஊருக்கு வெளியே, முன்னும் பின்னும் ஒருத்தரும் இல்லாத நேர் வீதி ஒன்று வேணும், அவ்வளவுதான். ஏ9 வீதியில் திரும்பி வரும்போது, மாங்குளம் தாண்டி ஒரு வெட்டையில், எங்களில் நடுவான் முதல் தரம் மிதித்தான். முள் ஏழாயிரம் தாண்டியது, எட்டாயிரம் தாண்டியது, காருக்குள் 'பீப்' என்று ஒரு சத்தம், கியரை மாற்றினான். பின்னால் கரும்புகை ஒரு முகில் மாதிரி எழும்பி வயலுக்கு மேலால் போனது. மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மூன்று பேரும் ஒரே நேரத்தில் சிரித்தோம்.

*

அதன்பிறகு எங்கட கொப்பி வேறு கொப்பி ஆகியது. சரிக்குறிக்குப் பதிலாக அளவுகள். ஓடிய தூரம், அடித்த பெற்றோல், ஒயில் எங்கே நின்றது, எவ்வளவு விட்டோம், கூலன்ற் போத்திலில் மட்டம். நகருக்குள் லீற்றருக்கு ஆறு கிலோமீற்றருக்கு மேலே அது போனதில்லை. அந்தச் செலவும் எங்களுடையதுதான். மோட்டார் சைக்கிள் பாதி நாள் வீட்டில் நின்றது. பெற்றோல் அடிக்கும்போது கொஞ்சம் 2ரி ஒயிலும் கலந்தோம். பழைய ஓட்டோக்களுக்கு விடுவார்களே, அதேதான். சீலுக்கு நல்லது என்று ரோட்டரி வைத்திருக்கும் ஆட்கள் செய்யும் வேலை. 5000 கிலோமீற்றருக்கு ஒருக்கா ஒயில் மாற்றினோம். கிளச் மிதிக்கும்போது ஒரு கீச்சுச் சத்தம் கேட்டது. பெடலைப் பிடிக்கும் இரும்பில் வெடிப்பு. அதுவும் இந்தக் காரில் வழமையாக வருவது. கராஜ் அண்ணை வெல்டிங் பிடித்துத் தந்தார்.

அவரிடம் ஒரு நாள் கதையை முழுக்கச் சொன்னோம். இருபது எண்ணினதையும். அவர் சிரிக்கவில்லை.

"இஞ்ச பாருங்கோ, இந்த ஊரில இவ்வளவு மொரிஸ் மைனரும் ஏ40யும் ஏன் மிஞ்சினது? ஆரும் கவர் போட்டு மூடி வச்சதாலயே? சண்டைக்குள்ளயும் ஹயருக்கு ஓடினதுகள். பார்ட்ஸ் இல்லை, பெற்றோல் இல்லை, எண்டாலும் நாளுக்கு நாள் ஒருத்தன் கீழ பூந்து பாத்துக்கொண்டிருந்தவன். ஓடினபடியால்தான் இருக்கு. பூட்டி வச்ச கார் எல்லாம் ஓட்டையாப் போச்சு."

அன்று வீட்டுக்கு வரும்போது அயல் வீட்டைப் பார்த்தோம். லண்டன்காரரின் வீடு. திறப்பு அம்மாவிடம் இருக்கிறது. அம்மா மாதம் ஒருக்கா லைற்றைப் போட்டு, ஜன்னலைத் திறந்து, பத்து நிமிசத்தில் மூடிவிட்டு வருவா. 'எல்லாம் சரி' என்று செய்தி அனுப்புவா. போன மழைக்குக் குசினிக் கூரையில் கறையான். அம்மாவில் பிழை இல்லை. வீட்டுக்காரரிலும் பிழை இல்லை.

மூன்று மாதம் கழித்துத் திரும்பவும் அமுக்கம் பார்த்தோம். பின் ரோட்டர் 680, 670, 690. முழுக்கச் சுகம் இல்லை, எல்லைக்கோட்டில். ஆனால் சூட்டில் பிடித்தது. அந்தத் தாளைக் கொப்பியில் ஒட்டினோம்.

2024இல் வவுனியாவில் இருந்து ஒருத்தர் வந்தார். போன் கடை வைத்திருக்கும் இளம் ஆள். நாங்கள் முதலில் கொப்பியைக் கொடுத்தோம், பிறகு திறப்பை. அவர் காரைப் பார்த்ததை விடக் கொப்பியைத்தான் கனநேரம் பார்த்தார். இருபது எண்ணின பக்கங்களில் நின்று, எங்களை நிமிர்ந்து பார்த்தார். "உண்மையாவோ?" என்றார். "உண்மைதான். இன்னும் கொஞ்சக் காலத்தில எஞ்சின் திறக்க வேண்டிவரும். அதையும் சேத்து விலையைச் சொல்லுங்கோ" என்றோம். அவர் சொன்ன விலை மாமா நினைத்ததைவிடக் குறைவு, முதல் வந்தவர் சொன்னதைவிடக் கூட. மாமா உடனே ஓம் என்றார். மாமியும் மச்சாளும் அந்த வருசமே போய்ச் சேர்ந்தார்கள். காப்பு இன்னும் அடகில்தான் இருக்கிறது. மூன்று பேரும் மாறி மாறி வட்டி கட்டுகிறோம்.

போன மாதம் வவுனியாவில் இருந்து போன் வந்தது. அவர் மூன்று மாதம் கட்டாருக்குப் போகவேணுமாம்.

"கார் நல்லா ஓடுது. தம்பியிட்ட விட்டிட்டுப் போறன். வாரத்துக்கு ஒருக்கா ஸ்ராட் பண்ணச் சொன்னாக் காணும்தானே?"

போன் ஸ்பீக்கரில் இருந்தது. மூன்று பேரும் ஒன்றாகக் கத்தியதில் அவர் பயந்திருப்பார்.

தம்பிக்கு லைசன்ஸ் இருந்தால் ஓட விடுங்கோ, ஒரேயடியாக அரை மணித்தியாலம், ஒயில் பார்த்து, என்றோம். இல்லாவிட்டால் பற்றரியைக் கழற்றிவிட்டுச் சும்மா விடுங்கோ, அது தாங்கும். பார்க்கிற மாதிரி மட்டும் பார்க்க வேண்டாம்.